வெட்டினால் வெள்ளை: வேர்முடிச்சின் மரபணுக்களைப் பழுதிலிருந்து படிப்பது

பாக்டீரியா ஊற்றி 21 நாள் ஆன செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, ஒரு முடிச்சைப் புது பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் நைட்ரஜன் நிலைப்படுத்தல் நடக்கிறது என்று நம்ப இடமுண்டு. வெள்ளை என்றால் வீடு கட்டியாகிவிட்டது, அடுப்பு எரியவில்லை. முழுக்கப் பச்சை என்றால் எரிந்து அணைந்துவிட்டது. முடிச்சே இல்லை என்றால் கடைக்கால் தோண்டும் முன்பே ஏதோ அறுந்திருக்கிறது.

லெகூம் (பயறுவகை) செடிக்கும், அதன் வேர்முடிச்சில் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தரும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவுக்கும் இடையிலான உறவின் மரபணுக்களைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பகுதி, உறவு முறிந்த செடிகள் சொல்லிக்கொடுத்ததுதான். அதனால் பாடநூல் வரிசையைவிடப் பழுது வரிசையில் படிப்பது எளிது என்பது என் கட்சி. எந்தப் படிவரை செடி போயிருக்கிறது, எதற்கு மேல் போகவில்லை என்று பார்த்தாலே சந்தேகப்பட வேண்டிய மரபணுக்கள் நாலைந்தாகச் சுருங்கிவிடும்.

ஆய்வுக்கு உதவும் மாதிரிச் செடிகள் இரண்டு. மெடிக்காகோ டிரங்கடூலாவின் முடிச்சு விரல்போல நீளும். நுனியில் வளர்திசு கடைசிவரை இருக்கும். லோட்டஸ் ஜப்பானிக்கஸின் முடிச்சு மணிபோல உருண்டு, வளர்ச்சி சீக்கிரம் நின்றுவிடும். (லோட்டஸ் என்றதும் தாமரையைத் தேட வேண்டாம், இது மஞ்சள் பூப் பூக்கும் சின்னப் பயறுவகைச் செடி.) இரண்டிலும் தனித்தனிக் குழுக்கள் தேடியதால் ஒரே மரபணுவுக்கு இரண்டு பெயர். புதிதாகப் படிக்க வருபவரை உயிரியலைவிட அதிகம் குழப்புவது இந்தப் பெயர்க்குழப்பம்தான்.

மரபணுவைக் குற்றம் சொல்லும் முன்

முடிச்சு விழாததற்குக் காரணம் பல நேரம் வளர்ப்புத் தட்டில் இருக்கும், மரபணுவில் இருக்காது. விதையிலிருந்தே தொடங்கலாம். மெடிக்காகோ விதைத்தோல் கெட்டி, தண்ணீர் புகாது. அடர் கந்தக அமிலத்தில் 5 முதல் 8 நிமிடம் போட்டு, தோலில் கரும்புள்ளி தெரியத் தொடங்கியதும் அமிலத்தை முழுக்க வடித்துவிட வேண்டும். அதன் பிறகே குளிர்ந்த நீர், அதுவும் ஒரே வீச்சில் நிறைய. அடியில் அமிலம் மிச்சமிருக்க, மேலே கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் சூடேறி விதை வெந்துபோகும். அடுத்து ஹைப்போகுளோரைட்டில் சுமார் 3 நிமிடம், ஐந்தாறு முறை கழுவல், நீர்-அகார் தட்டில் 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள் இருட்டு. பிறகு தட்டைக் கவிழ்த்து அறை வெப்பத்தில் ஓர் இரவு வைத்தால் முளைவேர் காற்றில் நேராகத் தொங்கி வளரும். கவிழ்க்காவிட்டால் வேர் சுருண்டு, தட்டுக்கு மாற்றும்போது ஒடியும்.

ஊடகத்தில் நைட்ரஜன் இருக்கக் கூடாது. சில மில்லிமோலார் நைட்ரேட் இருந்தாலே செடிக்கு முடிச்சு வேண்டியதில்லை. மலிவான அகாரிலேயே நைட்ரஜன் அழுக்கு இருக்கும். சுத்திகரித்த அகார் இல்லாமல் எண்ணிக்கை ஒப்பிடுவது வீண். பாக்டீரியாவை வளர்க்கும் டிஒய் ஊடகம் டிரிப்டோனும் ஈஸ்ட் சாறும் கலந்தது, அதாவது நைட்ரஜன் குழம்பு. 28 டிகிரியில் வளர்த்த செல்களைச் சுழற்றிப் படியவைத்து, இரண்டு முறை கழுவி, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.02 அளவுக்கு நீர்த்துத்தான் ஊற்ற வேண்டும். அதில் மில்லிலிட்டருக்குச் சுமார் இரண்டு கோடி செல் இருக்கும். அதற்கு மேல் ஊற்றுவதால் பயனில்லை.

மூடிய தட்டில் எத்திலீன் (செடியே வெளியிடும் வாயு ஹார்மோன்) தேங்குவது இன்னொரு தொல்லை. எத்திலீன், முடிச்சைத் தொடங்கும் கால்சியம் சமிக்ஞையையே (கீழே வருகிறது) அடக்கும். அதை உணர முடியாத ‘சிக்கிள்’ என்ற மெடிக்காகோ சடுதிமாற்றச் செடியில் தொற்று அளவுகடந்து போவது அதனால்தான். அதில் பழுதானது எத்திலீன் பாதையின் ஈஐஎன்-2 மரபணு. தட்டில் வளர்ப்பவர்கள் எத்திலீன் உற்பத்தியைத் தடுக்கும் ஏவிஜி என்ற பொருளை 0.1 மைக்ரோமோலார் அளவில் கலப்பது வழக்கம். வேர்ப்பகுதிக்கு வெளிச்சம் படாமல் கருந்தாளோ அலுமினியத் தாளோ சுற்றுவதும் அப்படியே.

இனப்பொருத்தம் பற்றி ஒரு வார்த்தை. மெடிக்காகோவின் ஏ-17 வகையும் ஸைனோரைசோபியம் மெலிலோட்டியின் 1021 இனமும் ஆய்வகங்களில் பிரியாத ஜோடி. ஆனால் இந்த ஜோடி நைட்ரஜன் நிலைப்படுத்துவதில் சுமார்தான். ஸைனோரைசோபியம் மெடிக்கே டபிள்யூஎஸ்எம்-419 இதே செடிக்கு நிறையத் தருகிறது. ஏ-17 செடி 1021-உடன் கொஞ்சம் வெளிறி நின்றால் புது மரபணு கண்டதாகக் கொண்டாட வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனைச் செடி, பலர் மறப்பது: சந்தேகத்துக்குரிய சடுதிமாற்றச் செடிக்கு பாக்டீரியா இல்லாமல் நைட்ரேட் மட்டும் கொடுத்து வளர்க்க வேண்டும். அதில் செழித்தால்தான் பழுது உறவில் இருக்கிறது. அதிலும் சோர்ந்தால் செடிக்கே உடம்பு சரியில்லை.

பாக்டீரியாவின் முகவரிச் சீட்டு

வேர் ஃபிளேவனாய்டுகள் என்ற அழைப்புப் பொருள்களைக் கசியவிடுகிறது. குதிரைமசாலில் லூட்டியோலின், சோயாவில் டெய்ட்சீனும் ஜெனிஸ்டீனும். பாக்டீரியாவின் நாட்-டி என்ற கட்டுப்பாட்டுப் புரதம் தனக்குப் பொருந்தும் ஃபிளேவனாய்டு கிடைத்தால் மட்டும், முடிச்சைத் தூண்டும் நாட் மரபணுக்களை ஓடவிடும். அந்த மரபணுக்களுக்கு முன்னால் ‘நாட் பெட்டி’ என்ற பொதுவான வரிசை இருக்கிறது. நாட்-டி உட்காரும் இடம் அதுதான்.

ஓடும் மரபணுக்களில் மூன்று எல்லாருக்கும் பொது. நாட்-சி, அசிட்டைல் குளுக்கோசமைன் துண்டுகளை நாலைந்தாகக் கோக்கும். வேறு சொல்லில், குட்டி கைட்டின். நாட்-பி அந்தச் சங்கிலியின் ஒரு முனைச் சர்க்கரையிலிருந்து அசிட்டைலைக் கழற்றும். காலியான இடத்தில் நாட்-ஏ ஒரு கொழுப்பமில வாலை ஒட்டும். இதுவே நாட் காரணி. 1990-இல் இதன் வேதிக் கட்டமைப்பு வெளியானபோதுதான் செடியோடு பாக்டீரியா பேசும் மொழி எழுத்தாகக் கிடைத்தது. நானோமோலார், அதற்கும் கீழே பிக்கோமோலார் செறிவில்கூட வேர்த்தூவி இதற்கு அசையும்.

எந்தச் செடிக்கு எந்தச் சீட்டு என்பதைத் தீர்மானிப்பது அலங்காரம். மெலிலோட்டி தன் காரணியில் நாட்-எச் மூலம் ஒரு சல்ஃபேட்டை ஒட்டுகிறது. நாட்-எச் பழுதான மெலிலோட்டியைக் குதிரைமசால் மதிப்பதில்லை. ஆனால் வழக்கமாக அந்த பாக்டீரியாவைக் கண்டுகொள்ளாத வெட்ச் என்ற வேறொரு பயறுவகைச் செடியின் வேர் அதற்கு வளைந்து கொடுக்கிறது. ஒரே ஒரு வேதிக்குழு போனதில் வாசல் மாறிவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. அதற்குப் பின் வந்த மரபணுத்தொகுதித் தரவுகள் எவ்வளவோ இருந்தும் இவ்வளவு சுத்தமாக வாதிடுபவை குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்-எஃப், நாட்-எல் இரண்டும் பழுதான மெலிலோட்டி, சரியான வாலும் ஓர் அசிட்டைலும் இல்லாத காரணியைச் செய்கிறது. அதற்கு வேர்த்தூவி எதிர்வினை காட்டும், உள்ளே புறணிச் செல்களும் பிரியத் தொடங்கும். ஆனால் பாக்டீரியாவை உள்ளே விடாது. கதவைத் தட்டினால் விளக்கு எரிகிறது, தாழ்ப்பாள் திறக்கவில்லை. கேட்பதற்கும் நுழையவிடுவதற்கும் செடி இரண்டு தரம் வைத்திருக்கிறது, இரண்டாவது கறாரானது என்பது இதிலிருந்து வந்த கருத்து.

இந்த மரபணுக்கள் இடம்பெயரக் கூடியவை. மெலிலோட்டியில் பெரும்பாலும் 13.5 லட்சம் காரஇணை நீளமுள்ள பி-சிம்-ஏ என்ற பெரும் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம்) இருக்கின்றன. மீசோரைசோபியத்தில் குரோமோசோமில் செருகிய ‘கூட்டுயிர்த் தீவு’. அது ஒரு டிஆர்என்ஏ மரபணுவுக்குள் போய் உட்காரும். நியூசிலாந்தில் வயலில் தூவிய இனத்திலிருந்து மண்ணின் வேறு மீசோரைசோபியங்களுக்கு இந்தத் தீவு தாவியது 1995-இல் தெரியவந்தது. ஊற்றிய இனமே முடிச்சில் இருக்கிறது என்று நாட் மரபணுவை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது ஏன் தவறு என்பதற்கு அந்த வயலே சாட்சி. குரோமோசோம் அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாட் காரணியே வேண்டாம் என்கிற ஜோடியும் உண்டு. சில அயிஸ்கினோமினி செடிகளோடு வாழும் ஒளிச்சேர்க்கை பிராடிரைசோபியங்களுக்கு நாட்-ஏ, பி, சி மூன்றுமே இல்லை. 2007-இல் இது வெளிவந்தது. விதிவிலக்குதான், ஆனாலும் ‘எல்லா’ என்று எழுதும் கையைக் கொஞ்சம் நிறுத்தும்.

முதல் பத்து நிமிடம்

செடி நாட் காரணியைப் பிடிப்பது வேர்த்தூவியின் மேற்பரப்பிலுள்ள இரண்டு ஏற்பிகளால். லோட்டஸில் என்எஃப்ஆர்-1, என்எஃப்ஆர்-5. மெடிக்காகோவில் அவற்றின் இணைகள் எல்ஒய்கே-3, என்எஃப்பி. லோட்டஸ் ஏற்பிகள் 2003-இல் அடையாளம் கண்டவை. வெளியே கைட்டினைப் பிடிக்கும் லைசிஎம் மடிப்புகள், உள்ளே கைனேஸ் (புரதங்களுக்குப் பாஸ்ஃபேட் ஏற்றும்) பகுதி. கைட்டின் பூஞ்சையின் சுவரிலும் இருப்பது. அதே குடும்பத்து ஏற்பிகள்தான் பூஞ்சையைக் கண்டு எதிர்ப்பைத் தூண்டுகின்றன. பகைவனையும் விருந்தாளியையும் பிரிப்பது மடிப்பின் சிறு பகுதிகள். அவற்றை மாற்றிவைத்து எதிர்ப்பு ஏற்பியை முடிச்சுக்கு வேலை செய்ய வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்து சிம்ஆர்கே என்ற ஏற்பிக் கைனேஸ் (மெடிக்காகோவில் டிஎம்ஐ-2). பிறகு செய்தி உட்கருவுக்குப் போகிறது. உட்கருச் சவ்வில் காஸ்டர், போலக்ஸ் என்ற அயனி வாயில்கள். போலக்ஸுக்கு மெடிக்காகோ இணை டிஎம்ஐ-1. இவை இருந்தால்தான் கால்சியம் அலை எழும். நாட் காரணி பட்டுச் சுமார் பத்து நிமிடத்தில் உட்கருவுக்குள்ளும் சுற்றிலும் கால்சியம் எகிறி எகிறித் தணியத் தொடங்கும், ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு துடிப்பு என்று மணிக்கணக்கில். இதை 1996-இல் குதிரைமசால் வேர்த்தூவியில் முதலில் பார்த்தார்கள்.

பழுது படிக்க இந்தத் துடிப்புதான் எல்லைக்கல். துடிப்பு இல்லையென்றால் பழுது அதற்கு மேலே, அதாவது முந்தைய படிகளில்: ஏற்பிகள், சிம்ஆர்கே, காஸ்டர், போலக்ஸ், சில உட்கருத்துளைப் புரதங்கள். துடிப்பு இருந்தும் முடிச்சு இல்லையென்றால் பழுது கீழே. அதில் முதல் ஆள் சிசிஏஎம்கே என்ற கைனேஸ். டிஎம்ஐ-3 என்பதும் அதுவே.

நுண்ணோக்கி வசதி இல்லாதவர்களுக்குச் செலவு குறைந்த இன்னொரு பிரிப்பு இருக்கிறது: வேர்ப்பூஞ்சை. அதே செடியை ஆர்பஸ்குலார் மைக்கோரைசாப் பூஞ்சையோடு சில வாரம் வளர்த்து, வேரை மையில் சாயமேற்றிப் பாருங்கள். பூஞ்சை நன்றாகக் குடியேறியிருந்தால் பழுது முடிச்சுக்கே உரிய மரபணுவில்: என்எஃப்பி, நின் (அடுத்த பகுதியில் வருகிறது) போன்றவை. பூஞ்சையும் நுழையவில்லை என்றால் டிஎம்ஐ மூன்றில் ஒன்றையோ அதே பொதுப்பாதையின் வேறு மரபணுவையோ பார்க்க வேண்டும். நிலத்துக்கு ஏறிய தாவரங்கள் பூஞ்சைக்காக 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே போட்ட பாதையில்தான் பாக்டீரியா பின்னாளில் வண்டியோட்டுகிறது.

சிசிஏஎம்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய புரதம். ஒரு முனையில் கைனேஸ், நடுவில் தன்னைத் தானே அடக்கும் பகுதி, மறுமுனையில் கால்சியத்தைப் பிடிக்கும் மூன்று கைகள். துடிப்பை எண்ணி வாசிப்பது இது என்று கருதுகிறோம். 2006-இல் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தன. மெடிக்காகோவில் அடக்கும் பகுதியையும் கால்சியக் கைகளையும் வெட்டிவிட்டு வெறும் கைனேஸை வேரில் ஓட்டினார்கள். லோட்டஸில் 265-ஆம் இடத்து திரியோனின் மாறிய செடியைக் கண்டார்கள். இரண்டிலும் பாக்டீரியா ஒன்றுகூட இல்லாமல் முடிச்சு விழுந்தது. உள்ளே காலி, நைட்ரஜன் இல்லை, ஆனால் உருவம் அச்சு அசல் முடிச்சு. முடிச்சு என்பது பாக்டீரியா உண்டாக்கும் கட்டி அல்ல, செடி தன் கையிலேயே வைத்திருக்கும் உறுப்புத் திட்டம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தத் தானியங்கி சிசிஏஎம்கே ஒரு கருவியாகவும் ஆனது. சிம்ஆர்கே, காஸ்டர், போலக்ஸ் பழுதான செடிகளில் அதைப் போட்டால் முடிச்சு வருகிறது. ஆகவே அவை அதற்கு முன்னால். என்எஸ்பி-1, என்எஸ்பி-2, நின் என்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் பழுதான செடிகளில் போட்டால் வருவதில்லை. ஆகவே அவை பின்னால். பத்து மரபணுக்களை வரிசையில் நிறுத்த இவ்வளவு எளிய வழி வேறு துறையில் அபூர்வம்.

எல்லா வழியும் நின் வழியே

நின் மரபணு 1999-இல் லோட்டஸில் அகப்பட்டது. முடிச்சு உருவாகத் தேவையான செடி மரபணுக்களில் முதலில் பிடிபட்டது இதுதான். நைட்ரேட்டை உணரும் என்எல்பி குடும்பத்தின் கிளை, ஆனால் நைட்ரேட்டுக்கு எதிர்வினை காட்டும் திறனை இழந்தது. சிசிஏஎம்கே, சைக்ளாப்ஸ் என்ற புரதத்துக்குப் பாஸ்ஃபேட் ஏற்ற, சைக்ளாப்ஸ் நின் மரபணுவை இயக்கும் முன்பகுதியில் உட்கார்ந்து அதை ஓடவிடுகிறது.

நின் செய்யும் வேலைகள் இடத்துக்கு இடம் வேறு. மேல்தோலில் தொற்றுக்கு வழிவிடும். உள்ளே புறணியிலும் அதற்கும் உள்ளேயுள்ள பெரிசைக்கிள் அடுக்கிலும் செல்பிரிவைத் தொடங்கும். அங்கே அதைக் கிளப்புவது சைட்டோகைனின் என்ற செடி ஹார்மோன். சைட்டோகைனின் ஏற்பி எல்எச்கே-1 எப்போதும் விழித்திருக்கும்படி மாறிய லோட்டஸ் செடியிலும் தானாக முடிச்சு விழுகிறது. அதே ஏற்பி கெட்டால் தொற்று மேலே ஓடும், முடிச்சு பின்தங்கும். நின்னுக்கு வெகு தூரம் மேலே, மெடிக்காகோவில் சுமார் 18 ஆயிரம் காரஇணைக்கு அப்பால், சைட்டோகைனினுக்குச் செவிசாய்க்கும் ஒரு பகுதி இருக்கிறது. அது இல்லாவிட்டால் மரபணு அப்படியே இருந்தும் முடிச்சு இல்லை. இதில் ஏமாறுவது எளிது: நின்னின் புரதப் பகுதியை மட்டும் வரிசைப்படுத்தி ‘பழுதில்லை’ என்று சொல்லிவிடுவார்கள். அதேபோல, சில ஆயிரம் காரங்கள் நீளமுள்ள முன்பகுதியோடு மட்டும் நின்னைத் திருப்பிப் போட்டு ‘மீளவில்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

பக்கவேர் உருவாக்கும் எல்பிடி-16, என்எஃப்-ஒய் காரணிகள் எல்லாம் நின்னுக்குக் கீழே. முடிச்சுக்கான திட்டம் பக்கவேர்த் திட்டத்திலிருந்து கடன் வாங்கியது என்ற கருத்துக்கு அடிப்படை இதுதான்.

உள்ளே வரும் வழி

வேர்த்தூவி நுனி மேய்ப்பன் கோல்போல வளைந்து சில செல்களைச் சிறைபிடிக்கும். அங்கிருந்து சவ்வு உள்ளே குழிந்து குழாயாக நீளும், அதுதான் தொற்றிழை. சுவரைக் கரைப்பது பாக்டீரியாவின் நொதி என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். உண்மையில் செடியே என்பிஎல் என்ற பெக்டேட் லயேஸை அனுப்புகிறது, அதற்குக் கட்டளை நின்னிடமிருந்து. என்பிஎல் கெட்ட செடியில் வளைவு நடக்கும், பாக்டீரியா அந்த வளைவுக்குள்ளேயே மொட்டாகத் தேங்கிவிடும். ஆர்பிஜி, லின், வேபிரின் என்ற செடி மரபணுக்கள் கெட்டால் இழை தொடங்கும், பாதியில் கோணிக்கொண்டு நிற்கும்.

இதைப் பார்க்க, லாக்-இஸட் மரபணு (பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி செய்வது) ஏற்றிய பாக்டீரியாவும், அந்த நொதி பட்டால் நீலமாகும் எக்ஸ்-கால் சாயமும் போதும். ஆனால் செடிக்கும் சொந்தமாக பீட்டா-கேலக்டோசிடேஸ் உண்டு. அதை அடக்க வேரை முதலில் 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் வெற்றிட அழுத்தத்தில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவிவிட்டுத்தான் சாயத்தில் போட வேண்டும். இந்தப் படியைத் தாண்டினால் வேர் நுனியெல்லாம் நீலமாகி ‘தொற்று எங்கும் பரவியிருக்கிறது’ என்று தோன்றும். பாக்டீரியா ஊற்றாத வேர் ஒன்றையும் கூடவே சாயமேற்றினால் ஐயம் தீரும்.

பாக்டீரியா பக்கமும் சீட்டு வேண்டும். மெலிலோட்டியின் சக்சினோகிளைக்கன் என்ற சர்க்கரைப் போர்வை இல்லையென்றால் (எக்ஸோ மரபணுப் பழுது) இழை கைவிடப்பட்டு, வெற்று வெள்ளை முடிச்சு மட்டும் எழும். இங்கே ஒரு சூட்சுமம்: 1021 இனத்தில் எக்ஸ்பி-ஆர் மரபணுவுக்குள் ஒரு தாவும் துண்டு புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது. அதனால் மாற்றுப் போர்வையான கேலக்டோகுளூக்கன் அதற்குச் சுரப்பதில்லை. எக்ஸ்பி-ஆர் நன்றாக இருக்கும் இனத்தில் அதே எக்ஸோ பழுதைச் செய்தால் குதிரைமசாலில் நுழைந்துவிடலாம். இனத்தின் பின்புலம் தெரியாமல் பழுதைப் படிக்கக் கூடாது.

வெள்ளைக்குப் பல காரணம்

முடிச்சு இருக்கிறது, வெட்டினால் வெள்ளை. இங்குதான் படிப்பது கடினம், சுவையும் அதிகம்.

இளஞ்சிவப்பு தருவது லெக்ஹீமோகுளோபின். நைட்ரஜனை நிலைப்படுத்தும் நைட்ரஜனேஸ் நொதியை ஆக்ஸிஜன் மீளாமல் கெடுக்கும்; ஆனால் அது ஓடத் தேவையான ஏடிபிக்கு பாக்டீரியா சுவாசித்தாக வேண்டும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 8 எலக்ட்ரானும் குறைந்தது 16 ஏடிபியும் செலவு. கிடைப்பது இரண்டு அம்மோனியா, கூடவே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. லெக்ஹீமோகுளோபின் தனி ஆக்ஸிஜனை நானோமோலார் அளவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவாசத்துக்கு மட்டும் கைமாற்றிக்கொண்டே இருக்கிறது. 2005-இல் லோட்டஸில் இதன் மரபணுக்களை ஒடுக்கியபோது முடிச்சு வெளுத்தது, தனி ஆக்ஸிஜன் ஏறியது, நைட்ரஜனேஸ் காணாமல் போனது. அதே செடிகள் நைட்ரேட் கொடுத்தால் சாதாரணமாக வளர்ந்தன.

ஆனால் வெள்ளை முடிச்சில் லெக்ஹீமோகுளோபின்தான் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. முன்னால் எது நின்றாலும் சிவப்பு வராது. மெடிக்காகோவிலும் பட்டாணியிலும் செடி, என்சிஆர் என்ற சிறு பெப்டைடுகளை பாக்டீரியா மேல் ஏவுகிறது. மெடிக்காகோவில் மட்டும் சுமார் 700 மரபணுக்கள். அவற்றால் பாக்டீரியா பிரியாமலே டிஎன்ஏவைப் பெருக்கி, 24 மடங்குவரை ஏற்றி, நீண்டு பருத்து, திரும்பி வர முடியாத பாக்டீராய்டாகிறது. இந்தப் பெப்டைடுகளைச் செலுத்தும் வழியிலுள்ள டிஎன்எஃப்-1 கெட்டால் எதுவும் சேருமிடம் சேராது. பாக்டீரியா உருமாறாது, முடிச்சு வெள்ளை. 700 இருக்கையில் ஒன்று போனால் என்ன என்று தோன்றும். ஆனால் டிஎன்எஃப்-7 என்பது என்சிஆர்-169 ஒன்றின் பழுதுதான். அது மட்டும் போனாலே நிலைப்படுத்தல் நின்றுவிடுகிறது. பாக்டீரியாவின் பாக்-ஏ என்ற சவ்வுப் புரதம் இந்த அடியைத் தாங்க உதவுவது. அது கெட்டால் செல்லுக்குள் விடுபட்ட உடனே பாக்டீரியா சாகிறது.

இதற்கு நடைமுறையில் ஒரு பின்விளைவு. மெடிக்காகோ முடிச்சை அரைத்துத் தட்டில் பரப்பி எண்ணினால் கிடைப்பது தொற்றிழையிலும் நுனியிலும் இருந்த உருமாறாத செல்களின் எண்ணிக்கை மட்டுமே. வேலை செய்யும் பாக்டீராய்டுகள் தட்டில் முளைக்காது. சோயாவிலும் லோட்டஸிலும் என்சிஆர் இல்லை, அங்கே பாக்டீராய்டுகள் திரும்பி வளரும். இரண்டு செடிகளின் எண்ணிக்கையை அருகருகே வைத்து ஒப்பிட்ட அட்டவணை கண்ணில் பட்டால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

மூன்றாவது காரணம் பண்டப் பற்றாக்குறை. நைட்ரஜனேஸின் இரும்பு-மாலிப்டினக் கூட்டுக்கு ஹோமோசிட்ரேட் தேவை. தனித்து நிலைப்படுத்தும் பாக்டீரியாக்கள் அதை நிஃப்-வி மரபணுவால் செய்துகொள்ளும். பெரும்பாலான ரைசோபியங்களுக்கு நிஃப்-வி இல்லை. லோட்டஸில் ஃபென்-1 என்ற செடி மரபணு அதைச் செய்து ஊட்டுகிறது என்று 2009-இல் தெரிந்தது. ஃபென்-1 கெட்ட செடிக்கு, நிஃப்-வி ஏற்றிய பாக்டீரியாவைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்கிறது. சல்ஃபேட்டை உள்ளே கடத்தும் எஸ்எஸ்டி-1 கெட்டாலும் கதை இதேதான்.

பச்சை முடிச்சு, ஹீம் (லெக்ஹீமோகுளோபினின் இரும்புப் பகுதி) சிதைந்ததன் நிறம். மெடிக்காகோ முடிச்சில் அடிப்பக்கம் மட்டும் பச்சை என்றால் அது இயல்பான மூப்பு. 14 நாளிலேயே முழுக்கப் பச்சை என்றால்தான் பழுது.

நிறத்துக்கு அடுத்த அளவீடு அசிட்டிலீன் சோதனை. நைட்ரஜனேஸ் அசிட்டிலீனையும் எத்திலீனாக மாற்றும். முடிச்சுள்ள வேரை மூடிய குப்பியில் வைத்து, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு காற்றை எடுத்துவிட்டு அசிட்டிலீன் செலுத்தி, வாயு நிறப்பிரிகையில் எத்திலீனை அளப்பது முறை. கால்சியம் கார்பைடிலிருந்து எடுத்த அசிட்டிலீனிலேயே கொஞ்சம் எத்திலீன் இருக்கும். வேர் இல்லாத குப்பி ஒன்றும் அளக்காமல் கணக்கு நேராகாது. வேரைப் பிடுங்கி, உதறி, வெட்டினால் செயல் விழும். அசிட்டிலீன் பட்டதாலேயேகூடப் பல செடிகளில் சில நிமிடத்தில் வேகம் இறங்கும். அதனால் ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு அளவு எடுப்பதைவிட, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்து நேர்கோடாக இருக்கும் பகுதியை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

முடிச்சு அளவுக்கு மீறினால்

வேர் முழுக்க அப்பம்போல முடிச்சு, செடியோ குட்டை. இது லோட்டஸில் ஹார்-1, மெடிக்காகோவில் சன், சோயாவில் நார்க் என்ற ஒரே ஏற்பியின் பழுது. நின் முடிச்சைத் தொடங்கும் அதே கையோடு சிஎல்இ என்ற சிறு பெப்டைடு மரபணுக்களையும் ஓட்டிவிடுகிறது. பெப்டைடு சாற்றுக்குழாய் வழியே தண்டுக்கு ஏறி ஹார்-1-இல் பிடிபட, ‘போதும்’ என்ற பதில் கீழே வருகிறது. முடிச்சு வேண்டும் என்ற நிலையில் இலையிலிருந்து மைஆர்-2111 என்ற நுண் ஆர்என்ஏ இறங்கி, வேரில் தடை போடும் டிஎம்எல் மரபணுவை அடக்கிக்கொண்டிருக்கும். ஹார்-1 விழித்ததும் அது குறைகிறது. ஒட்டுக்கட்டினால் தெளிவாகும்: ஹார்-1 பழுதான தண்டை நல்ல வேரில் ஒட்டினால் முடிச்சு பொங்கும், நல்ல தண்டைப் பழுதான வேரில் ஒட்டினால் அளவோடு நிற்கும்.

மரபணுவைக் கண்டுபிடித்ததை நிரூபிக்க இன்று பெரும்பாலும் செய்வது ரோம வேர் முறை. முளைவேரின் நுனி 3 மில்லிமீட்டரை வெட்டி, அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் (மெடிக்காகோவுக்கு ஏஆர்க்வா-1, சோயாவுக்கு கே-599) தடவி, ஒரு வாரம் 20 டிகிரியில் வைத்தால், வெட்டிய இடத்திலிருந்து புது வேர்கள் கிளம்பும். ஒவ்வொரு வேரும் தனி மாற்றம். சிலதில் நீங்கள் கொடுத்த மரபணு இருக்கும், சிலதில் இருக்காது. அதனால் சிவப்பாக ஒளிரும் டிஎஸ்-ரெட் போன்ற குறியோடு சேர்த்துக் கொடுத்து, ஒளிரும் வேரை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டிவிட வேண்டும். ஒளிராத வேரில் முடிச்சு கண்டால் உங்கள் சடுதிமாற்ற விதையில் நல்ல விதை கலந்திருக்கிறது. சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு விதைப்பையைச் சரிபாருங்கள்.

இந்த முறையில் வேர்தான் மாறுகிறது, தண்டு பழைய தண்டுதான். ஆகவே ஹார்-1, சன், நார்க் ஆகியவற்றுக்கு இது உதவாது: நல்ல மரபணுவை வேரில் எவ்வளவு ஏற்றினாலும் ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய தண்டு பழுதாகவே இருக்கும், முடிச்சு பொங்கிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு முழுச் செடியையும் மாற்றியாக வேண்டும்.